ஹெப்பகோடியிலிருந்து வந்த நகல்

தொலைவில் உள்ள ஒரு நெட்வொர்க் ஸ்விட்சில் ஓடும் தகவலை நகலெடுத்து, நடுவில் இருக்கும் ரௌட்டர்களைத் தாண்டி, நம் மேசைக்கு வரவழைப்பது எப்படி என்று எழுதித் தரச் சொல்லி என் பழைய அலுவலகத்திலிருந்து கேட்டிருந்தார்கள். இப்போது அங்கே திரையில் இரண்டு இடத்தில் தொட்டால் அந்த வேலை முடிந்துவிடுகிறதாம். முதன்முதலில் அதைக் கையால் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ள அங்கிருப்பவர்களுக்கு ஆசை. எழுத உட்கார்ந்தேன். கட்டளைகள் ஒன்றுகூடத் தப்பாமல் நினைவுக்கு வந்தன. கூடவே வைதேகியும் வந்தாள். அவளை விட்டுவிட்டு எழுதினால் கட்டளைகள் சரியாக இருக்கும், நடந்தது சரியாக இருக்காது. எனக்கு அவள்மேல் பொறாமை இருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வருடக்கணக்கில்.

நான் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கண்டோன்மென்ட்டில் ஒரு கிளப்பில், பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று புள்ளி சொல்லும் வேலை பார்த்தார். நான் டிப்ளமா முடித்துவிட்டு, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ரெசிடென்சி ரோடு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 1991இல் அங்கே கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கியபோது, வயர் தெரிந்தவள்தானே என்று என்னை அதற்கு மாற்றினார்கள். எனக்கு அப்போது முப்பது வயது. மாடி முழுக்க ஒரே கருப்புக் கேபிள் மேசை மேசையாக ஓடும். யாராவது ஒருவர் இணைப்பைக் காலால் தட்டிவிட்டால் எல்லா மேசையும் நின்றுபோகும். எந்த மேசை என்று ஒவ்வொன்றாகக் குனிந்துதான் தேட வேண்டும். ஏழெட்டு வருடம் நான் குனிந்தே இருந்தேன். பிறகு மேசைகளை இணைக்கும் ஹப் வந்தது, ஸ்விட்ச் வந்தது, இடம்விட்டு இடம் கடத்தும் ரௌட்டர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் தடித்த ஆங்கிலப் புத்தகம் வரும். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, பேருந்திலும் வீட்டிலுமாகப் படித்து முடித்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் நஞ்சப்பா சார். மண்டியாக்காரர், கன்னடம் கலந்த தமிழில் என்னோடு பேசுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் மேசையில் கருப்பு அட்டை போட்ட பெரிய பதிவேடு ஒன்று இருக்கும். நெட்வொர்க்கில் ஒரு வரி மாற்றுவதானாலும் அதில் எழுதிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். எழுதும் முன் மூன்று கேள்வி கேட்பார். என்ன பண்ணப் போறீங்க? பண்ணா என்ன ஆகும்? தப்பாச்சுன்னா எப்படித் திருப்புவீங்க? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் பேனாவை மூடி வைத்துவிடுவார். மாற்றத்தின்போது ஒருவர் கட்டளையை வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருவர் அடிக்க வேண்டும். என்டர் தட்டும் முன் "இருங்க" என்பார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு அருகே குனிந்து அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். பிறகு தலையசைப்பார். எல்லாம் முடிந்ததும் "ஆயித்து" என்று கன்னடத்தில் ஒரே சொல். அதற்காகவே காத்திருந்த மாதிரி, ஆறிப்போன காபியை எடுத்துக் குடிப்பார். ஏதாவது கெட்டுப்போனாலும் யார் செய்தது என்று முதலில் கேட்க மாட்டார். "எப்ப ஆச்சு? எப்ப பாத்தீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். நேரத்தைச் சரியாகச் சொன்னால் காரணம் தானாக வரும் என்பது அவர் நம்பிக்கை.

வைதேகி எங்களிடம் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு. தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் அமல்தாராக, அதாவது தாசில்தாராக, இருந்தவர். இன்ஜினியரிங் படித்தவள், என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இளையவள். நஞ்சப்பா சார் அறைக்குள் போனால், உட்காருங்கள் என்று அவர் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிடுவாள். அதில் திமிர் எதுவும் கிடையாது, நாற்காலி என்றால் உட்காருவதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான். நான் பதினைந்து வருடமாக அந்த அறையில் நின்றுகொண்டுதான் பேசினேன். என்னை யாரும் நிற்கச் சொன்னதில்லை. அவள் கன்னடத்தில் ஏதாவது சொல்வாள், சார் சிரிப்பார். எனக்கும் கன்னடம் நன்றாக வரும். தெருவில் கற்ற கன்னடம். அதற்கு அவர் சிரித்ததில்லை.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வந்த முதல் மாதமே, கேபிள் முனையில் பிளக் பொருத்துவது எப்படி என்று என்னிடம் வந்து கேட்டுக் கற்றுக்கொண்டாள். பிறகு எல்லாரிடமும் "அமுதா கை மாதிரி நம்ம கம்பெனியிலே யாருக்கும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். உண்மையாகவே பெருமையாகத்தான் சொன்னாள். நான் வீட்டுக்குப் போய் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கையைப் புகழ்ந்தாள். தலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்த விஷயம் 2007 வாக்கில் நடந்தது. எங்களுக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை இருந்தது. அங்கே சரக்கு ஏற்றிய லாரி வெளியே போக வேண்டுமானால் கேட் பாஸ் அச்சாக வேண்டும். வாசலில் உள்ள கம்ப்யூட்டர், ஸ்டோர்ஸ் அறையில் உள்ள சர்வரிடம் கேட்டு வாங்கி அதை அச்சிடும். திடீரென்று அது தினமும் காலை பதினொன்றைத் தாண்டியதும் தகராறு செய்ய ஆரம்பித்தது. ஒரு பாஸ் வரும், அடுத்தது தொங்கிப்போகும். லாரிகள் உள்ளே வரிசை கட்டி நிற்கும். எங்களுக்குப் போன் வரும். ஓசூர் ரோட்டில் மேம்பாலம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டி நாங்கள் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகும். போய்ப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். மூன்று வாரம் இப்படியே அலைந்தோம். காலையிலேயே போய்க் காத்திருந்த இரண்டு நாளும் பாழாய்ப்போன கேட் பாஸ் ஒழுங்காக அச்சானது. ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், இன்னொரு நாள் பாதி நாள் லீவு. அப்படிப்பட்ட நாளில் அது கெடாது என்று அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

அங்கே ஓடுவதை இங்கிருந்தே பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும் என்று பேச்சு வந்தது. ஒரே ஸ்விட்சுக்குள் ஒரு போர்ட்டில், அதாவது வயர் செருகும் ஒரு துளையில், போவதை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுப்பது எங்களுக்குப் பழக்கமான வேலை. ஆனால் அந்த நகல் ரௌட்டரைத் தாண்டாது. தாண்ட வைக்க ஒரு வழி அப்போதுதான் புதிய பெரிய ஸ்விட்சுகளில் வந்திருந்தது. நகலை அப்படியே இன்னோர் உறைக்குள் போட்டு, உறையின் மேல் நம் அலுவலக ஸ்விட்சின் முகவரியை எழுதி அனுப்பிவிடும். நடுவில் உள்ள ரௌட்டர்கள் வெளி உறையை மட்டும் படித்துக் கடத்திவிடும். இந்தப் பக்கம் வந்ததும் உறையைக் கிழித்து, உள்ளே இருப்பதை நமக்குத் தரும்.

இதைப் பற்றிய புத்தகத்தை நான் நான்கு மாதம் முன்பே படித்திருந்தேன். யாரும் சொல்லாமலே, டெஸ்ட் ரூமில் பொருத்தாமல் வைத்திருந்த இரண்டு புது ஸ்விட்சுகளை எடுத்து, நடுவில் இரண்டு பழைய ரௌட்டர்களை வைத்து, சனிக்கிழமைகளில் செய்து பார்த்திருந்தேன். முதலில் நகல் ஓட்டை ஓட்டையாக வந்தது. தகவல் போகும் பொட்டலங்களில், அதாவது பாக்கெட்டுகளில், சின்னவை எல்லாம் வரும், பெரியவை வராது. இரண்டு சனிக்கிழமை மண்டையை உடைத்துக்கொண்டு காரணத்தைக் கண்டுபிடித்தேன். லைனில் ஒரு பாக்கெட் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம் என்று வரம்பு உண்டு. அசலே அந்த வரம்பு முழுக்க இருந்தால், வெளி உறை சேர்ந்ததும் நகல் வரம்பைத் தாண்டிவிடும். ரௌட்டர் அதை யாருக்கும் சொல்லாமல் தூக்கி எறிந்துவிடும். நகலின் முன்பகுதியை மட்டும் வெட்டி அனுப்பு என்று அனுப்பும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஓட்டை அடைபட்டுவிடும். இதை என் நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன்.

நஞ்சப்பா சாரிடம் இதையெல்லாம் சொல்வதற்காக ஒரு திங்கட்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன். வைதேகி உட்கார்ந்திருந்தாள்.

"அமுதா, வாங்க. ஹெப்பகோடில நகல் எடுக்கற விஷயம் பேசிட்டு இருந்தோம். வைதேகி பண்ணிடறேன்னு சொல்றாங்க" என்றார் சார்.

"நானும் அதைப் பத்தித்தான் சார்…" என்று ஆரம்பித்தேன்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பக்கம் அவங்க பண்ணட்டும், இந்தப் பக்கம் வாங்கற வேலையை நீங்க பாருங்க. ஹெப்பகோடி ஸ்விட்ச் அவங்க பொறுப்புதானே."

அவர் சொன்னதில் தவறே இல்லை. அது அவள் பொறுப்பில் உள்ள ஸ்விட்ச்தான். ஆனால் எனக்குக் காதில் விழுந்தது வேறு. அனுப்புவது அவள், வாங்கி வைப்பது நான். கையில் இருந்த நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மதியமே செய்தோம். வைதேகி எழுதி வைத்திருந்த பட்டியலை நான் வாய்விட்டுப் படிக்க, அவள் அடித்தாள். எந்தப் போர்ட்டில் நகல் எடுக்க வேண்டும்? வாசல் கம்ப்யூட்டர் இருக்கும் பன்னிரண்டாவது போர்ட். எந்தத் திசை? வருவதும் போவதும். இந்த நகலுக்கு ஓர் எண், நூற்றியொன்று. எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு. இங்கே தப்புச் செய்ய ஓர் இடம் உண்டு. வெளியே போகும் லைனுக்கான போர்ட்டையே நகலெடுக்கச் சொல்லிவிட்டால், நகலே மறுபடி நகலாகி, அதுவும் நகலாகி, ஒரு நிமிடத்தில் லைன் அடைத்துப்போகும். தொழிற்சாலை முழுக்க நிற்கும். அவள் அந்த வரியை அடிக்கும்போது, தப்பாக அடிக்க வேண்டுமே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டது உண்மை. அவள் சரியாகத்தான் அடித்தாள். நஞ்சப்பா சார் குனிந்து பார்த்துத் தலையசைத்தார். என் பக்கத்தில் அதே நூற்றியொன்றைப் போட்டு, என் கம்ப்யூட்டருக்கு வரும்படி செய்தேன். கடைசியாக வைதேகி அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டாள். என் திரையில் ஹெப்பகோடி வரிவரியாக ஓட ஆரம்பித்தது.

"வந்துடுத்து. அமுதா, வந்துடுத்து பாருங்க" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள் வைதேகி.

"ஆயித்து" என்றார் சார். காபியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்குத் தகராறு ஆரம்பித்ததும் இருவரும் என் திரைக்கு முன்னால் உட்கார்ந்தோம். நகலில் ஓட்டைகள் தெரிந்தன. சர்வரிலிருந்து வாசலுக்குப் போக வேண்டிய பெரிய பாக்கெட்டுகள் ஒன்றைக்கூடக் காணோம். எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. நான் படித்த அவள் பட்டியலில் அந்த வரி இல்லை, பொறாமையில் நானும் அதைக் கவனிக்கவில்லை. அப்படி ஒரு வரி இருப்பதே அவளுக்குத் தெரியாது.

வைதேகி நெடுநேரம் பார்த்தாள். "பெருசெல்லாம் வழியிலேயே தொலையறது. சின்னது போறது. கேபிள் சரியில்லைன்னா இப்படி ஆகும் இல்லே? உங்களுக்கு என்ன தோணறது?" என்று கேட்டாள்.

கேட்கத்தான் செய்தாள். நான் திரையைப் பார்த்தபடியே, "தெரியல. பாக்கணும்" என்றேன்.

அவள் ஹெப்பகோடிக்குப் போன் போட்டு, கேபிள் பக்கம் சந்தேகமாக இருக்கிறது, வியாழக்கிழமை கூட்டத்தில் விவரமாகச் சொல்கிறேன் என்றாள். சந்தேகம் என்றுதான் சொன்னாள், அதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் தொழிற்சாலை மேனேஜரும் கம்பெனிப் பெரியவர்கள் இரண்டு பேரும் வருவார்கள். அவர்கள் முன்னால் அவள் எழுந்து பலகையில் படம் போட்டு கேபிள் என்பாள். அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு நான் பேச வேண்டும். இரண்டே நாள். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது, கூட்டத்தில் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வருடக்கணக்கில் அவ்வளவு சந்தோஷமாக நான் நடந்ததில்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு என் மேசைப் போன் அடித்தது. வேலு. ஹெப்பகோடித் தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் இருந்த டெக்னீஷியன், ஓசூர் பக்கத்து ஆள். வாசலிலிருந்து ஸ்டோர்ஸ் இருந்த புது ஷெட் வரை முழுக்க அவர்தான் கேபிள் இழுத்திருந்தார். பாதி நாள் நானும் ஏணி பிடித்திருக்கிறேன்.

"அக்கா, என்னை உள்ள விடமாட்டேன்றாங்க. நேத்து சாயங்காலமே கார்டை வாங்கிக்கினாங்க."

"ஏன், என்னாச்சு?"

"கேபிள் சரியில்லன்னு உங்க ஆபீஸ்ல இருந்து சொன்னாங்களாம். புதுக் கேபிளை வெளிய வித்துட்டு பழசை இழுத்துட்டேன்னு மேனேஜர் சொல்றாரு. விசாரிக்கிற வரைக்கும் வீட்ல இருன்னாரு. நீங்களே பாத்தீங்களேக்கா, சுருள் பிரிச்சதுல இருந்து கூட இருந்தீங்களே. புதுசுதான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

புதுசுதான். எனக்குத் தெரியும். கேபிளில் ஒன்றுமில்லை என்பதும் தெரியும். மேனேஜருக்கு அந்த நிமிடமே போன் போட்டிருந்தால், பகல் சாப்பாட்டுக்கு முன் வேலு உள்ளே போயிருப்பார். ஆனால் அப்படிச் செய்தால் வைதேகிக்கும் அப்போதே தெரிந்துவிடும். ஒரே ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, "தேங்க்ஸ் அமுதா" என்று சிரிப்பாள். கூட்டத்தில் அவள்தான் எழுந்து சொல்வாள்.

"பாக்கலாம் வேலு. நாளைக்குக் கூட்டம் இருக்கு, அதுல பேசறேன்" என்றேன்.

"நாளைக்கா" என்றார். "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். கேபிள் இல்லை என்று சொன்னால் போதுமா, எது என்று சொல்ல வேண்டாமா, அதைக் கண்டுபிடித்த பிறகு பேசுவதுதான் முறை என்று. அன்று பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து, வந்துசேர்ந்த சின்ன பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அரை மணியில் அகப்பட்டது. சர்வரின் முகவரியைச் சொல்லி, இது யார் என்று வாசல் கம்ப்யூட்டர் கேட்கிறது. இரண்டு பேர் "நான்தான்" என்று பதில் சொல்கிறார்கள். ஒன்று சர்வர். இன்னொன்று வேறு ஏதோ எந்திரம். ஒவ்வொரு எந்திரத்துக்கும் தயாரித்த இடத்தில் ஓர் எண் பொறித்திருப்பார்கள், அதன் முன்பாதியை வைத்துத் தயாரிப்பாளரைக் கண்டுபிடித்துவிடலாம். பார்த்தேன். சாப்பாட்டுக் கூப்பன் அடிக்கும் எந்திரம் செய்கிறவர்கள்.

அந்தத் தொழிற்சாலையில் கேன்டீன் பதினொன்றுக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடும். நாங்கள் போய்ச் சேருவதற்குள் எந்திரத்தை அணைத்திருப்பார்கள். ஞாயிறும் பாதி நாளும் கேன்டீனே கிடையாது. யாரோ காலியாக இருக்கிறது என்று நினைத்துச் சர்வரின் முகவரியையே அதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

முழு விடையும் புதன்கிழமை பதினொன்றே முக்காலுக்கு என் கையில் இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை. நோட்டை மூடி மேசைக்குள் வைத்துவிட்டு, சாப்பிடப் போனேன்.

வியாழக்கிழமை பத்தரைக்குக் கூட்டம். வைதேகி பலகையில் அழகாகப் படம் போட்டு விளக்கினாள். தொழிற்சாலை மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே, கேபிள் இழுத்த வேலுவைச் செவ்வாய்க்கிழமையே வெளியே நிறுத்திவிட்டேன் என்றார். அவள் உட்கார்ந்ததும், சுவரோரம் நின்றிருந்த நான் முன்னால் வந்தேன்.

"கேபிள் இல்ல சார்" என்றேன். "பெரிய பாக்கெட் தொலையுதுன்னு சொன்னாங்க. தொலையல. வாசல் கம்ப்யூட்டர் ஒவ்வொண்ணுக்கும் 'வந்துச்சு, வந்துச்சு'ன்னு பதில் போட்டிருக்கு. வராத கடுதாசிக்கு யாராவது வந்துச்சுன்னு எழுதுவாங்களா? அசல் எல்லாம் ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கு. நகல்தான் வழியில தொலைஞ்சிருக்கு. உறை சேந்ததும் லைனுக்கு மேல பெருசாயிடுது. அனுப்பற பக்கத்துல ஒரு வரி விட்டுப்போச்சு."

யார் விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வைதேகி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது சிவந்துபோனதை நான் கவனித்தேன், கவனிக்கவே காத்திருந்தேன்.

பதினொன்றேகாலுக்கு ஹெப்பகோடி வாசலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன். இரண்டு லாரி நிற்கிறது, பாஸ் தொங்குகிறது என்றார் வாசலில் இருந்தவர். கேன்டீன் கூப்பன் எந்திரத்தின் நெட்வொர்க் வயரைப் பிடுங்கச் சொன்னேன். ஆள் ஓடிப்போய்ப் பிடுங்கிவிட்டு வந்தார். பிறகு போனில் பிரின்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"வந்துச்சு மேடம். இன்னொண்ணும் வருது" என்றார் அவர்.

பெரியவர்களில் ஒருவர் கை தட்டினார். நான் எத்தனையோ வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த இடம் அது. நினைத்ததற்குக் குறைவில்லாமல்தான் இருந்தது. ஒரு நிமிடம் இருந்தது.

நஞ்சப்பா சார் பதிவேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கேட்டார்: "எப்ப பாத்தீங்க அமுதா?"

"நேத்து சாயங்காலம் சார்."

"சாயங்காலம் எத்தனை மணிக்கு?"

"அஞ்சரை இருக்கும்."

அவர் பேனா ஒரு நொடி காகிதத்தின் மேலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் சொன்னதை அப்படியே எழுதினார். புதன், மாலை ஐந்தரை, அமுதா. அந்தப் பதிவேட்டில் எனக்குத் தெரிந்து பொய்யான நேரம் அது ஒன்றுதான். என்னையும் உட்காரச் சொன்னார் அன்று. உட்கார்ந்தேன். நாற்காலி எப்படி இருந்தது என்று நினைவில்லை.

வெளியே வந்ததும் மாடிப்படியில் வைதேகி காத்திருந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும், இல்லையா?" என்றாள். "திரையைப் பாத்ததும் உங்க முகம் மாறித்து. நான் பாத்தேன். இன்னொரு தடவை கேட்டிருக்கணும். கேக்காம போனைப் போட்டுட்டேன். என் வாயாலே அந்த மனுஷர் வேலை போயிருக்கும்."

அவள் அதற்குமேல் எதுவும் கேட்காமல் கீழே இறங்கி, ஆட்டோ பிடித்து ஹெப்பகோடிக்குப் போனாள். வேலுவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் மனைவி முன்னால், தப்பு தன்னுடையது என்று சொன்னாளாம். கண்டுபிடித்தது அமுதா என்றும் சொன்னாளாம். இரண்டையும் வேலுதான் மறுநாள் வேலைக்குத் திரும்பியதும் போனில் சொன்னார். "நீங்க இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேனோக்கா" என்றார். நான் "இருக்கட்டும் வேலு" என்றேன். குற்றத்தை ஒப்புக்கொள்வதிலும் அவள் எனக்கு முந்திக்கொண்டுவிட்டாளே என்றுதான் அப்போதும் நினைத்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் மெதுவாக.

அந்த வேலைக்கான செய்முறையை எழுதும் பொறுப்பை நஞ்சப்பா சார் என்னிடம் கொடுத்தார். நகலை வெட்டி அனுப்பும் வரியை மூன்றாவதாக எழுதி, அதன் கீழே கோடு போட்டேன். பிறகு ஆறு தொழிற்சாலைகளில் அதை வைத்துத்தான் செய்தார்கள். அடியில் இரண்டு பேர் பெயரும் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் கழித்து வைதேகி பெரிய இடத்துக்கு வேலை மாறிப் போனாள். வழியனுப்பு விழாவில் அவள் பேச்சைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். அவள் போய்விட்டால் எனக்கு லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. அடுத்த வாரம் ஸ்விட்சுகள் அடுக்கிய ஒரு ரேக்கை இடம் மாற்ற ஹெப்பகோடி போனேன். வேலு அப்போது நிரந்தரமாகி, சூப்பர்வைசராக இருந்தார். கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். யார் கேட்டும் இல்லை, நானாகத்தான் சொன்னேன். செவ்வாய்க்கிழமையே தெரியும் என்று, அவர் போன் பண்ணியபோது தெரிந்தேதான் நாளைக்கு என்று சொன்னேன் என்று, வைதேகி கூட்டத்தில் தலைகுனிய வேண்டும் என்பதற்காக என்று.

வேலு கடைசிவரை கேட்டார்.

"அவங்க மேல கோவம்னா அவங்களாண்ட காட்டியிருக்கலாமே" என்றார்.

"ஆமா."

"அந்த ரெண்டு நாளும் எம் பொண்டாட்டி என்னை ஒரு கேள்வி கேக்கல. திருடினியான்னு கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. செஞ்சிருப்பேன்னே நெனச்சிக்கினு, தலையைக் குனிஞ்சிக்கினு சோறு போட்டா. வைதேகி மேடம் வந்து சொன்னாங்க, சரியாப் போச்சு. ஆனா அவ அப்படி நெனச்சான்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு இல்ல? அது போவல."

டீயை முடித்தார். இரண்டு தம்ளரையும் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க மேடம், ரேக்கைப் பாக்கலாம்" என்றார்.

நான் ஓய்வு பெறும்வரை வேலையாக எத்தனையோ முறை ஹெப்பகோடி போயிருக்கிறேன். ஏணி பிடித்தார், டீ வாங்கித் தந்தார், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். அக்கா என்று மட்டும் அதன் பிறகு அவர் கூப்பிட்டதில்லை.